வல்லை வெளிக்கு இப்பால்

நோய் வந்து என் தம்பியின் தமிழை எடுத்துக்கொண்டு போயிற்று. மிஞ்சியவை நோர்வீஜிய மொழியின் சில சொற்கள். அவையும் வீட்டுக்குள் புழங்கும் சொற்களாக இருக்கவில்லை. அந்த நாட்டார் ஓய்வு நாளில் முதுகுப்பையைத் தூக்கிக்கொண்டு மலைக்கும் காட்டுக்கும் புறப்படும்போது பேசுகின்ற சொற்கள். தண்ணீர் என்று கேட்க அவனால் முடியவில்லை. அக்கா என்று அழைக்க முடியவில்லை. பனியின்மேல் சறுக்கிச் செல்ல இன்று தரை பதமாகக் கிடக்கிறதா என்பதைக் குறிக்க அந்த மொழியில் ஒரு சொல் உண்டு. 'ஃபோர' என்பார்கள். அதைத் தெளிவாகச் சொன்னான்.

நினைவு தவறினாலும் நாவு தவறாது என்று நம்புகின்ற குடும்பத்தில் பிறந்தவள் நான். விளக்கேற்றியபின் பதிகம் ஓதாமல் எங்கள் வீட்டில் எவரும் உணவுக்கு அமர்ந்ததில்லை. ஓதி ஓதி நாவில் ஏறிய திருநாமம், அறிவு மங்குகின்ற கடைசி நேரத்தில் தானாகவே எழுந்து உயிரை வழிநடத்தும் என்பது எங்கள் துணிவு. தம்பிக்கும் எனக்கும் அந்தப் பயிற்சி ஒன்றாகவே வாய்த்தது. ஆகையால் புத்தூரில் என் வீட்டின் கிழக்கு அறையில் அவன் படுத்துக் கிடந்த காலத்தில் எனக்கு இருந்த அச்சம் ஒன்றுதான். மரணத்துக்கு நான் அஞ்சவில்லை. எங்கள் வயதில் அது அயல்வீட்டுக்காரர். கடைசி மூச்சில் அவன் நாவில் எந்தச் சொல் இருக்கும், அந்தச் சொல் அவனை எங்கே கொண்டுபோகும் என்றே அஞ்சினேன்.

அவன் மீசை அரும்பிய வயதில் நாட்டைவிட்டுப் போனவன். நோர்வேயின் வட கோடியில், மீன் வெட்டும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தான். பின்னர் தெற்கே தலைநகருக்கு வந்து, மணம் முடித்து, ஒரு மகளைப் பெற்று, மனைவியை இழந்து, ஓய்வூதியம் எடுக்கும் வயதில் என்னிடம் திரும்பி வந்தான். நானும் கணவரை இழந்தவள். கணவரின் தங்கை, என் மச்சாள், என்னோடு இருக்கிறாள். இரண்டு முதியவர்கள் மூன்று முதியவர்கள் ஆனோம்.

அவனுடைய பெட்டியில் உடுப்பைவிட முதலில் வெளியே வந்தவை இரண்டு தடிகள். கைப்பிடியில் வார் கோத்த, பாரமே இல்லாத அலுமினியத் தடிகள். 'ஸ்தாவெர்' என்றான். பனிக்காலத்தில் சறுக்குக் கட்டைகளில் நின்றபடி உந்துவதற்கு. மற்றக் காலத்தில் ஊன்றி நடப்பதற்கு. நாள்தோறும் விடியற்காலையில் அவற்றை இரு கையிலும் மாட்டிக்கொண்டு பருத்தித்துறை வீதியில் வடக்கு நோக்கிப் புறப்படுவான். 'தூர்' போகிறேன் என்பான். உலாத்துவதுதானே என்று கேட்டால் ஒப்புக்கொள்ளமாட்டான்.

"உலாத்திறது வேறை அக்கா. தூர் எண்டால் வெளியிலை இருக்கிறதுக்கெண்டே வெளியிலை போறது."

"கோயில் வீதியைச் சுத்தி வாறமாதிரியோ?"

"ஓம், கிட்டத்தட்ட." சற்று யோசித்துவிட்டுச் சொன்னான்: "ஆனா அங்கை நடுவிலை ஒண்டும் இராது."

மச்சாளுக்கு அந்தத் தடிகள் தீராத வேடிக்கை. "மச்சாள், கடவுள் குடுத்த ரண்டு கால் உங்கடை தம்பிக்குக் காணாதாமோ? நாலு காலிலை போறார்" என்பாள். "நான் விழுந்தால் நீங்களெல்லோ தூக்கவேணும். உங்கடை இடுப்பு நாரி நோகக்கூடாதெண்டுதான் உந்தக் கரைச்சல் எல்லாம்" என்று அவன் திருப்பிக் கொடுப்பான். சந்தியில் நிற்கும் ஓட்டோக்காரரும் விடுவதில்லை. "ஐயா, கவனம்! ரோட்டிலை பனி உறைஞ்சு கிடக்காம்!" என்று கத்துவார்கள். "அப்பிடியெண்டால் நீ பின்னாலை ஏறி இரு, ஓட்டோவை நான் தள்ளிக்கொண்டு போறன்" என்பான்.

தடிகளின் அடியில் மாட்டியிருந்த ரப்பர் உறைகள் எங்கள் வீதியில் விரைவில் தேய்ந்துபோயின. மாற்று உறை யாழ்ப்பாணம் முழுவதும் தேடியும் கிடைக்கவில்லை. அதன்பின் இரும்பு முனை தாரில் படுகின்ற ஓசை, டிக், டிக் என்று, எங்கள் வாசற் படலையடியில் தொடங்கி வடக்கே போய்த் தேய்ந்து மறையும். வெயில் ஏறும் நேரத்தில் அதே ஓசை வடக்கிலிருந்து பிறந்து படலையடிக்கு வரும். அப்போது நான் தேநீருக்குத் தண்ணீர் வைப்பேன்.

ஆவரங்காலைக் கடந்து மேலும் வடக்கே போனால் வல்லை வெளி. வீடும் மரமும் இல்லாத அகன்ற தரவை. இருபுறமும் கடல்நீர் ஏறி இறங்கும் நிலம். காற்று அங்கே நின்று நான் கண்டதில்லை. எங்கள் முன்னோர் பொழுதுபட்டபின் அதைத் தனியே கடக்கமாட்டார்கள். கோடையில் நீர் வற்றி உப்புப் பூத்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெண்மை. தம்பி அந்த வெளியின் விளிம்புவரை போவான். அதற்கு அப்பால் ஓர் அடி வைப்பதில்லை. பஸ்ஸில் போய்வரும் அயலவர்கள் கண்டு வந்து சொன்னார்கள்: தடிகளை முன்னால் ஊன்றிக்கொண்டு வெண்மையைப் பார்த்தபடி நெடுநேரம் நிற்கிறாராம், பிறகு திரும்பிவிடுகிறாராம்.

"ஏன் வெளியோடை திரும்பிறாய்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"காத்துக் கூடிப்போச்சு, அக்கா."

"ஒவ்வொரு நாளுமோ?"

"அங்கை ஒரு சட்டம் இருக்கு. மலையிலை காலநிலை மாறினால் திரும்பிறதிலை வெக்கமில்லை எண்டு. பள்ளிக்கூடத்துப் பிள்ளையளுக்கே சொல்லிக் குடுக்கிறவை."

"இது மலையில்லையே."

கோப்பையின் அடியில் கிடந்த தேயிலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இல்லைத்தான்" என்றான்.

பருத்தித்துறைக்கு ஒருநாள் போகவேண்டும் என்று அவன் அடிக்கடி சொல்வதுண்டு. எங்கள் சந்தியில் பஸ் ஏறினால் போய்விடலாம். அங்கே அவனுக்கு யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. அவனும் போகவில்லை.

ஐப்பசி மழை தொடங்கிய நாள்களில், படலையடியில், தடிகளின் வார் கையில் கிடக்க விழுந்தான். ஆஸ்பத்திரியில் உயிரை மீட்டார்கள், வலப்பக்கம் போயிற்று. "பேச்சு வந்தாலும் வரும் அம்மா. எந்தப் பாஷை வரும் எண்டு நான் சொல்ல ஏலாது" என்றார் டொக்டர். அந்த வார்த்தையை நான் அப்போது பொருட்படுத்தவில்லை. தாய்மொழி முதலில் வரும் என்று எண்ணிக்கொண்டேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்தபின் மச்சாள் அவனைத் தன் ஆளுகைக்குள் எடுத்துக்கொண்டாள். நோயாளியின் தலையில் பனி இறங்கக்கூடாது என்பது எங்கள் ஊர் முறை. சால்வையால் காதை மூடிக் கட்டினாள். யன்னல்களைச் சாத்தினாள். யன்னலின் நீக்கலுக்குள் துணி திணித்தாள். அவனோ நல்ல கையை யன்னல் பக்கம் நீட்டி, "உத், உத்" என்று கெஞ்சினான். வலி என்று நினைத்து அவள் கால் பிடித்துவிட்டாள்.

நோர்வேயிலிருந்து அவனுடைய மகள் தொலைபேசியில் முகம் பார்த்துக் கதைப்பாள். அங்கே பிறந்தவள், தமிழ் எங்கள் ஊர்த் தமிழ், ஏற்ற இறக்கம் மட்டும் அந்த நாட்டுக்குரியது. அவள்தான் சொன்னாள்: "மாமி, அப்பா வெளியிலை போகக் கேக்கிறார். உத் எண்டால் வெளியிலை."

"வெளியிலை பனி கொட்டுது பிள்ளை" என்று மச்சாள் குறுக்கே விழுந்தாள்.

"மாமி, அப்பா பனிக்குள்ளைதானே இவ்வளவு காலமும் இருந்தவர்."

ஆனாலும் மச்சாள் யன்னலைத் திறக்கவில்லை. "அது அந்தப் பனி, இது எங்கடை பனி" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நான் கட்டிலருகே அமர்ந்து பதிகம் ஓதுவேன். சிறுவயதில் அவன் என்னைவிட முந்திக்கொண்டு அடியெடுத்துக் கொடுத்த பதிகங்கள் அவை. அவன் என் வாயைப் பார்ப்பான். ஓதி முடிந்ததும், பதில் சொல்வதைப்போல, "லொய்ப" என்பான். அல்லது "ஹுத்த" என்பான். அவற்றை அப்படியே மகளிடம் ஒப்புவித்துப் பொருள் கேட்டு வைத்துக்கொண்டேன். லொய்ப என்பது பனியில் இயந்திரத்தால் கீறிவிட்ட இரண்டு கோடுகள். கட்டைகளை அதற்குள் வைத்தால் வழி தவறாது. ஹுத்த என்பது மலைக்குடில். ஸ்பூர் என்பது முன்னே போனவரின் தடம். இந்த வயதில் புதிய மொழி ஒன்றைக் கற்கிறேனே என்ற வியப்புக்கூட எனக்கு இல்லை. அவன் இருக்கும் இடத்துக்கு வேறு பாதை இல்லாததால் கற்றேன்.

கற்கக் கற்க என் அச்சம் சற்றுத் தணிந்தது என்றுகூடச் சொல்லலாம். பனிமலை எங்கள் பெருமானுடைய இருப்பிடம் அல்லவா? முன்னே போன அடியவரின் தடம் பற்றிப் பின்னே போவதுதானே எங்கள் நெறியும்? மலையையும் தடத்தையும் நினைத்துக்கொண்டு ஓர் உயிர் பிரியுமானால், அது எந்த நாட்டு மலையானால் என்ன என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஆனால் ஒரு சொல் அந்தத் தேறுதலுக்குள் அடங்கவில்லை.

"ஸ்னூ."

மற்றச் சொற்களை அவன் முணுமுணுத்தான். இதைக் கத்தினான். இடக்கையைக் குவித்து வாயோரம் வைத்து, வடக்குச் சுவரைப் பார்த்து, தொலைவில் போகின்ற ஒருவரை அழைப்பதுபோல் கத்தினான். கத்திவிட்டுச் செவி சாய்த்துக் காத்திருப்பான். சுவர் பேசாது. மறுபடி கத்துவான். அந்த நேரங்களில் அவன் பாதங்களைத் தொட்டால் குளிர்ந்திருக்கும். கண்கள் கூசுவனபோலச் சுருங்கியிருக்கும். யன்னல் சாத்திய இருண்ட அறையில் எந்த வெளிச்சத்துக்குக் கண் கூசுகிறது என்று எனக்கு விளங்கவில்லை. மச்சாள் திருநீறு போட்டுப் பார்த்தாள். நான் ஓதிப் பார்த்தேன். என் குரல் உயர அவனுடைய குரலும் உயர்ந்தது.

மகளிடம் கேட்டேன். அவள் முகம் மாறிற்று.

"திரும்பு எண்டு அர்த்தம் மாமி. அப்பா நித்திரையிலும் அதைத்தான் சொல்லிக் கத்துவார். நான் சின்னப்பிள்ளையா இருக்கேக்கையே."

பிறகு அவள் சொன்னதை இங்கே என் சொற்களில் தருகிறேன். மீன் தொழிற்சாலையில் தம்பிக்கு ஒரு தோழன் இருந்தான். பருத்தித்துறைக் கடற்கரையில், வேதக்கார, அதாவது கிறிஸ்தவ, மீனவக் குடும்பத்தில் பிறந்தவன். இருவரும் ஒன்றாகத்தான் பனியில் சறுக்கப் பழகினார்கள். தம்பி தெற்கே வந்தபின்னும் ஆண்டுதோறும் ஒருமுறை சேர்ந்து மலைக்குப் போவார்கள். அப்படிப் போன ஒருநாள், குடிலை அடைவதற்கு முன் காற்று எழுந்தது. பனி கிளம்பி வானும் தரையும் ஒரே வெண்மையாயிற்று. தம்பி திரும்புவோம் என்றான். தோழன் சிரித்தானாம், காற்றுக்கு முதுகு காட்டக்கூடாது என்றானாம். தம்பி திரும்பினான், தன் தடத்தைப் பார்த்து அவனும் பின்னால் வருவான் என்ற நம்பிக்கையில். நின்று நின்று கூப்பிட்டான். தடத்தைக் காற்று மூடிவிட்டது. தேடப் போனவர்கள் பனி உருகிய பிறகே அவனைக் கண்டார்கள். அடக்கமும் அங்கேயே நடந்தது. அப்போது இங்கே போர். வீட்டார் யாரும் போக வழியில்லை.

"செத்தவரின்ரை வீட்டாரோடை அப்பா ஒருநாளும் கதைக்கேல்லை மாமி. ஊருக்குப் போய் நேரிலை சொல்லுவன் எண்டுதான் சொல்லிக்கொண்டு வந்தவர்."

வல்லை வெளியின் விளிம்பில் அவன் என்ன பார்த்துக்கொண்டு நின்றான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. உப்புப் பூத்த வெண்மை. அதற்கு அப்பால் பருத்தித்துறை. நாள்தோறும் போய், நாள்தோறும் திரும்பியிருக்கிறான்.

எனக்குத் தெரிந்தது இன்னொன்றும் உண்டு. அவன் நாவு எதையும் மறக்கவில்லை. நான் திருநாமத்தை ஓதிய காலம் முழுவதும் அவன் இந்த ஒரு சொல்லை ஓதியிருக்கிறான். எங்கள் துணிவு உண்மையானால் கடைசியில் எழுந்து வரப்போவது இந்தச் சொல்தான். பதில் வராத அழைப்பொன்றை வாயில் வைத்துக்கொண்டு அவன் உயிர் அந்த வெண்மையில் அலையும். இதை நினைத்தபோது பதிகத்தை நிறுத்திவிட்டு மச்சாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

பருத்தித்துறையிலிருந்து மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி மீன் கொண்டுவரும் ஒருவர் எங்கள் ஒழுங்கையால் போவார். எங்கள் படலையடியில் மட்டும் ஹோர்ன் அடிக்கமாட்டார். சைவ வீடு என்று தெரியும். மறுநாள் மச்சாள் வீதிக்கு இறங்கி அவரை மறித்தாள்.

"என்னம்மா, மார்கழி மாசத்திலை! ஆர் சாப்பிடப் போறியள்?" என்று அவர் திகைத்துப்போனார்.

"மீனை நீர் கொண்டுபோம். எங்களுக்கு ஒரு ஆள் வேணும்" என்றாள் மச்சாள். எதிர்வீட்டு யன்னல் திறந்ததை நானும் பார்த்தேன்.

பனிநாட்டில் இறந்த பிள்ளையின் வீடு என்றதும் அவருக்குத் தெரிந்திருந்தது. இறந்தவனின் இளைய சகோதரன் இரண்டு நாளில் வந்தார். அறுபதைத் தொட்ட மனிதர். கதிரையில் ஓரமாக அமர்ந்தார். கையில் ஒரு சீப்பு இதரை வாழைப்பழம். "தேசிக்காய் தேச்சு முழுகிப்போட்டுத்தான் வந்தனான் அக்கா. மணக்காது" என்றார். மச்சாள் வெட்கப்பட்டு அவருக்குத் தேநீர் ஊற்றப் போனாள்.

தம்பியின் பெயரைச் சொன்னதும் அவர் முகம் இறுகியது. "எங்கடை அம்மா கண்மூடுமட்டும் இவரிலை கோபம். தோட்டம் செய்யிறவனோடை போகாதை, நிலத்திலை பிறந்தவன் காத்து வந்தால் கரையைத்தான் பாப்பான் எண்டு அவ அப்பவே சொன்னவ. அண்ணையை விட்டிட்டு வந்தவர் எண்டுதான் எங்களுக்குத் தெரியும்."

அந்நேரம் அறைக்குள்ளிருந்து தம்பி கத்தினான். "ஸ்னூ!"

"என்ன சொல்லுறார்?"

"உங்கடை அண்ணையைத் திரும்பச் சொல்லுறான்" என்றேன். மகள் சொன்ன முழுவதையும் சொன்னேன். காற்றுக்கு முதுகு காட்டக்கூடாது என்று தோழன் சொன்ன இடத்தில் அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"அது எங்களைப் பெத்த ஐயா சொல்லுறது" என்றார். குரல் அடங்கிப்போயிற்று. "கடலிலை காத்துக் கிளம்பினால் வள்ளத்தின்ரை முன்பக்கம், அணியத்தைக் காத்துக்குக் குடு, விலாவைக் குடாதை. திருப்பினியோ, கவிழ்ந்தாய். நடக்கத் தொடங்கமுன்னமே எங்களுக்கு அதைத்தான் சொல்லித் தந்தவர். அண்ணை அதைத்தான் செய்திருக்கிறான். மலையிலை அணியம் ஏதக்கா? ஐயோ, அவன் அதை வள்ளமெண்டெல்லோ நினைச்சிருக்கிறான்."

தேநீர் ஆறிப்போயிற்று. தம்பி மறுபடி கத்தினான், கத்திவிட்டுக் காத்திருந்தான். அந்த மௌனத்தை அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அண்ணையின்ரை குரலும் என்ரை குரலும் ஒண்டு. அடுப்படியிலை இருந்து அம்மா ஆளை மாறித்தான் கூப்பிடுவா" என்றார். எழுந்து அறைக்குள் போனார்.

கட்டிலின் வடக்குப் பக்கம், சுவரோடு நின்றார். வள்ளத்திலிருந்து வள்ளத்துக்கு அழைப்பவர்கள் செய்வதுபோல இரு கைகளையும் வாயோரம் குவித்தார். வீடு அதிரக் கத்துவார் என்று எண்ணினேன். குரல் தொலைவிலிருந்து வருவதுபோல மெல்ல வந்தது.

"மச்சான்! திரும்பீட்டன்ரா! உன்ரை அடியைப் பிடிச்சுக்கொண்டு வாறன். நீ நில்லாதை, போ!"

தம்பியின் முகம் அந்தப் பக்கம் திரும்பியது. அவனிடம் தமிழ் இருந்ததா, குரலை மட்டும் அறிந்தானா, நான் சொல்லமாட்டேன். குவித்திருந்த கை கீழே வந்தது. சுருங்கியிருந்த கண்கள் விரிந்தன. வந்தவர் சுவரில் சாய்ந்து அழுதார்.

மார்கழி மாதத்தில், இறைவன் துயிலெழும் புனிதமான நாள்களில், என் வீட்டில் ஒரு பொய் சொல்லப்பட்டதா என்று பின்னர் எனக்குள் கேள்வி எழுந்தது. எங்கள் பக்திப் பாடல்களில் அடியவர் தாயாகப் பேசுவார், தோழியாகப் பேசுவார். அது பொய்யென்று எவரும் சொன்னதில்லை; பிறர் கூற்று என்போம். அன்று அந்த மனிதர் இறந்தவன் கூற்றாகப் பேசினார். அவ்வளவில் அமைதி கொண்டேன். ஆனால் அந்தக் குரல் சுவரிலிருந்து வந்ததுபோல் கேட்டதை மட்டும் இன்னும் என்னால் அமைதிப்படுத்த முடியவில்லை.

அவர் புறப்படும்போது மூலையில் சாத்தியிருந்த தடிகளைப் பார்த்தார். "இவருக்குப் பிறகு ஒண்டை எனக்குத் தாங்கோ அக்கா. அண்ணையின்ரை எண்டு எங்களிட்டை ஒண்டும் இல்லை." உன் அண்ணனுடையது அல்லவே அது என்று நான் சொல்லவில்லை.

அதன்பின் தம்பி ஸ்னூ என்று சொல்லவில்லை. வேறெதுவும் சொல்லவில்லை. முன்பு அவன் சொல்லுக்கு அஞ்சினேன். இப்போது மௌனத்துக்கு அஞ்சினேன். வெறும் நாவோடு போய்விடுவானோ? மகள் புறப்பட்டுவிட்டாள், விமானத்தில் இருந்தாள். மார்கழி விடியற்பூசைக்கு அடியவர்கள் சங்கும் சேமக்கலமும் ஒலித்து ஒழுங்கைகளில் வருகின்ற நேரம். அன்று மச்சாள் ஒன்றும் பேசாமல் வந்து யன்னல் நீக்கலில் இருந்த துணியைப் பிடுங்கினாள். இரு கதவுகளையும் திறந்தாள். சால்வையைத் தலையிலிருந்து அவிழ்த்தாள். "அனுபவிக்கட்டும் விடுங்கோ" என்றாள். ஈரமும் குளிரும் உள்ளே வந்தன. வெளியே பூவரசுகளுக்கிடையே வெண்புகார் நின்றது.

சேமக்கலத்தின் ஓசை நெருங்கி வந்தது. நான் ஓதிக்கொண்டிருந்தேன். தம்பி கண் திறந்து யன்னலைப் பார்த்தான். அங்கே ஒருவர் வந்து நிற்பதைக் கண்டவன்போலத் தலையை மெல்ல அசைத்தான். "தக் ஃபொர் தூரன்" என்றான். முணுமுணுப்பாக இல்லை, மரியாதைக்குரிய ஒருவரிடம் சொல்வதுபோல. பாலை அவன் உதட்டில் விட்டேன். சங்கொலி ஒழுங்கையைக் கடந்து கோயிலை அடைவதற்குள் மூச்சு அடங்கிற்று.

எத்தனையோ பதிகங்களை மனத்தில் வைத்திருப்பவள் நான். மகள் வந்து சேரும்வரை அந்த மூன்று சொற்களையும் மறந்துவிடாமல் வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தேன். கிரியையின்போது உரலில் சுண்ணம் இடித்தார்கள். சுற்றி நின்றவர்கள் அதற்குரிய பாட்டைப் பாடினார்கள். என் வாயும் அசைந்தது; உலக்கையின் ஓசைக்கு ஏற்ப நான் சொன்னது அந்த அந்நியச் சொற்களை. பெருமான் மன்னிக்கட்டும். மகளை அணைத்தபோது அவள் காதில் அவற்றை ஒப்புவித்தேன்.

அவள் என் தோளில் முகம் வைத்தபடியே சொன்னாள்: "அது மாமி... தூர் முடிஞ்சு வாசலிலை பிரியேக்கை, கூட வந்த ஆளுக்குச் சொல்லுறது. வழித்துணைக்கு நன்றி எண்டு."

யாருக்குச் சொன்னான்? இறைவனைத் தோழனாகக் கொண்டு வழி நடந்த அடியவர் கதையைக் கேட்டு வளர்ந்தவள் நான். அந்தப் பக்கம் மனத்தைச் சாய்த்துவிட எனக்கு விருப்பமுண்டு. ஆனால் யன்னலடியில் அவன் கண் நின்ற உயரம், தோழனின் சகோதரர் சுவரோடு நின்று அழைத்தபோது அவர் முகம் இருந்த அதே உயரம்.

கிரியைகள் முடிந்து மகள் போனாள். ஒருநாள் விடியற்காலையில் வீதியில் டிக், டிக் என்ற ஓசை கேட்டேன். படலையடியில் தொடங்கி வடக்கே போயிற்று. மச்சாளைப் பார்த்தேன். "எனக்குக் காது மந்தம், என்னைக் கேளாதையுங்கோ" என்று எழுந்து போய்விட்டாள். பின்னரும் சில நாள்கள் கேட்டேன். வெயில் ஏறும்வரை காத்திருந்து தண்ணீரும் வைத்துப் பார்த்தேன். திரும்பி வருகின்ற ஓசையை ஒருநாளும் கேட்கவில்லை.

பங்குனியில், ஒரு தடியைத் துணியில் சுற்றிக்கொண்டு, சந்தி ஓட்டோ ஒன்றில் பருத்தித்துறைக்குப் புறப்பட்டேன். வல்லை வெளியின் விளிம்பில் நிறுத்தச் சொன்னேன். நீர் வற்றி, தரை வெண்மையாகக் கிடந்தது. காற்று என் சேலையை இழுத்தது. தம்பி நின்ற இடம் எதுவென்று ஓட்டோக்காரருக்குத் தெரிந்திருந்தது, கை காட்டினார். அங்கிருந்து தரவைக்குள், வீதியை விட்டு விலகி, சிறு துளைகள் இரண்டிரண்டாகப் போயின. இடைவெளி பிசகாமல், வடக்கு நோக்கி, வெண்மை முடியும்வரை.

"நண்டுப் பொந்தம்மா" என்றார் ஓட்டோக்காரர். நான் கேட்காமலே சொன்னார். பிறகு, "ஏறுங்கோ, வெயில்" என்றார்.

தடியைக் கொடுத்தேன். அந்த வீட்டு மண்டபத்தில், மாலை போட்ட படத்தின் கீழ் அதைச் சாத்தி வைத்தார்கள். பதினெட்டு வயதுக்கு மேல் மதிக்க முடியாத முகம், சிரித்துக்கொண்டிருந்தது. வரும் வழியில் வெளியை மறுபடி கடந்தோம். துளைகளுக்கு அருகே, இப்பக்கம் நோக்கி வருகின்ற வரிசை ஒன்று உண்டா என்று நான் தேடியிருக்கலாம். தேடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பதிகம் ஓதினேன். ஓதி முடிந்தபோது புத்தூர் வந்திருந்தது. இறங்கும்போது, ஓட்டோக்காரரிடம் என்ன சொல்கிறேன் என்று அறியாமலே, "தக் ஃபொர் தூரன்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "உங்கடை தம்பியும் இப்பிடித்தான் அம்மா" என்றார். "வல்லையிலை இருந்து திரும்பேக்கை ஆரோ பக்கத்திலை வாறமாதிரி இதைத்தான் சொல்லிக்கொண்டு வருவார்."